ஐயாயிரம் அடிக்கு மேலே

நுவரெலியாவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் வீதி சுமார் 30 கிலோமீற்றர். பிளக்பூல் சந்தியில் பிரதான வீதியை விட்டுப் பிரிந்து, லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் பாத்திகளைத் தாண்டி, அம்பேவெல பால்பண்ணையின் புல்வெளிகளை ஒட்டி ஏறி, பட்டிப்பொல ரயில் நிலையத்தை அடைகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர். இலங்கையில் இதைவிட உயரத்தில் வேறு ரயில் நிலையம் இல்லை. அதற்கு மேல் பைனும் யூக்கலிப்டஸும் விலகிக்கொள்ள, வேறொரு காடு தொடங்குகிறது. மரங்கள் குட்டையானவை, கிளைகள் முறுகியவை. பட்டையே தெரியாதபடி பாசி மூடியிருக்கும். சில நாட்களில் பகல் பதினொரு மணிக்கும் மஞ்சு இறங்கிப் பத்தடி தூரத்து மரத்தை மறைத்துவிடும். மேகக்காடு என்று தாவரவியலாளர்கள் சொல்வது இதைத்தான். பறவை பார்ப்பவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் இந்த வீதியைத் தேடி வருகிறார்கள்.

முதல்முறை வருகிறவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அபூர்வமானது என்று புத்தகத்தில் படித்துவிட்டு வந்த பறவையை அவர் முதல் வளைவிலேயே பார்த்துவிடுவார். கறுத்த தலையும் ஆலிவ்பச்சை முதுகும் கொண்ட மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் குஞ்சம் தெரிய, வீதியோரப் பற்றையில் பழம் தின்றுகொண்டிருக்கும். சாம்பல் கலந்த நீல நிறத்தில் இலங்கை நீல ஈப்பிடிப்பான் கம்பிவேலியில் அமர்ந்திருக்கும். ஆள் நெருங்கினாலும் அவசரப்பட்டுப் பறக்காது. இலங்கை வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாகக் கிளைக்குக் கிளை தாவும். அரை மணி நேரத்தில் மூன்றையும் பார்த்தவர், "இதுவா அபூர்வம்?" என்று கேட்பது நியாயம்தான்.

இங்கே நிறைந்திருக்கும் இந்தப் பறவைகள் உலகில் வேறெங்கும் இல்லை. அவற்றின் உலகத்தின் பெரும்பகுதியை ரயிலில் கடந்துவிடலாம்: காலையில் அட்டனில் ஏறினால் மத்தியானத்துக்குள் ஹப்புத்தளையில் இறங்கலாம். வடக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர், தெற்கே ரக்வானைப் பக்கத்து மலைகள் என்று சில துண்டுகளைச் சேர்த்துக்கொண்டால் வரைபடம் முடிந்தது. இலங்கைக்கே உரியவை என்று இன்று எண்ணப்படும் பறவையினங்கள் முப்பதுக்கு மேல். அவற்றில் ஒரு சிறு தொகுதி மலையை விட்டுக் கீழே இறங்குவதே இல்லை. ஒரு பறவை எத்தனை இருக்கிறது என்பதைவிட, அது வாழக்கூடிய இடம் எவ்வளவு குறுகியது என்பதே அதன் அபூர்வத்தை முடிவுசெய்கிறது என்று நான் நினைக்கிறேன். இந்த வீதியில் அந்தக் குறுக்கம் பல வடிவங்களில் தென்படும்.

முதல் குறுக்கம் உயரம். மேலே ஏறும் ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. கொழும்பில் ஆண்டின் சராசரி 27 பாகையை ஒட்டியிருக்க, நுவரெலியாவில் 16. அந்தக் குளிரோடு பொருந்தி வாழ்ந்த உயிரினத்துக்கு மலையைச் சுற்றியுள்ள சூடான சமநிலம் ஒரு கடல். பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீற்றர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை ஆழமற்றது; அப்போது தமிழ்நாட்டுக்கும் மன்னாருக்கும் நடுவே நடந்தே போகலாம். இருந்தும், 2004இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, தவளைகள், நன்னீர் நண்டுகள், மீன்கள் போன்ற பல உயிரினங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலைக் கிளைகளும் இலங்கைக் கிளைகளும் நெடுங்காலமாகத் தனித்தனியாகவே வளர்ந்திருக்கின்றன என்று காட்டியது. தரைப்பாலம் திறந்திருந்தும் ஈரக்காட்டு உயிர்களில் பெரும்பாலானவை அதைக் கடக்கவில்லை. நடுவே இருந்த வறண்ட நிலமே அவற்றைத் தடுத்திருக்க வேண்டும்.

பறவைகளிலும் இந்த இரட்டைத்தன்மை தெரியும். நீலகிரியில் ஒரு காட்டுப்புறா உண்டு. இங்கே அதே பேரினத்தில் இலங்கைக் காட்டுப்புறா. அங்கே நீலகிரி ஈப்பிடிப்பான். இங்கே நாம் வேலியில் பார்த்த நீல ஈப்பிடிப்பான். ஊட்டியில் பறவை பார்த்துப் பழகிய ஒருவரை இந்த வீதியில் கொண்டுவந்து விட்டால், பாதிப் பறவைகளை அரைகுறையாக அடையாளம் கண்டு, ஏதோ ஒன்று மாறியிருக்கிறதே என்று திகைத்து நிற்பார்.

காட்டுப்புறாவைப் பார்ப்பதைவிடக் கேட்பது எளிது. அடித்தொண்டையிலிருந்து வரும் ஆழ்ந்த "ஹூ". புதியவர்கள் ஆந்தை என்றே எண்ணுவார்கள். புறாவின் கழுத்துப் பின்புறத்தில் கறுப்பும் வெள்ளையும் சதுரங்கப் பலகைக் கட்டங்கள் போல மாறி மாறி இருக்கும். பழம் பழுக்கும் மரங்களைத் தேடி மலையில் மேலும் கீழும் இடம்பெயரும் பறவை இது. தாழ்ந்த சுருதி கொண்ட ஒலியலைகளின் அலைநீளம் பெரியது. இலையிலும் கிளையிலும் மோதிச் சிதறுவது குறைவு. அடர்ந்த காட்டுக்குள் ஒரு துணையை எட்ட அந்த ஆழ்ந்த குரல் பொருத்தமானது.

இதற்கு நேர் எதிரான குரல் ஒன்று இதே வீதியில் ஒலிக்கிறது. சமவெளிச் சாலையோரத்தில் ஒரு சிறு குட்டை இருக்கிறது. பறவை பார்ப்பவர்கள் அதை அரெங்கா குட்டை என்கிறார்கள். இலங்கைச் சீகாரப் பூங்குருவிக்கு முன்பு அறிவியல் கொடுத்திருந்த பேரினப் பெயர் அரெங்கா. குட்டைக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இருட்டு முழுதாகக் கலையாத நேரத்தில் அங்கே நின்றால், நீர் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கூர்மையான ஒரு சீழ்க்கை வரும். ஓடையின் இரைச்சலில் தாழ்ந்த சுருதியே மிகுதி. அதே சுருதியில் கத்தும் பறவையின் குரல் அதில் கரைந்துபோகும். மேலே உயர்ந்த, மெல்லிய சீழ்க்கை மட்டும் தனித்துக் கேட்கும். உலகின் பல மலைகளில் ஓடையோரம் வாழும் பறவைகள் இப்படிக் கூர்ந்த குரலுக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரே காட்டில் புறா கீழ்ச்சுருதியையும் பூங்குருவி மேல்சுருதியையும் எடுத்துக்கொண்டதை நேரில் கேட்கும்போது, இயற்பியல் பாடத்தில் படித்தது காதுக்குள் நுழைந்துவிடும்.

இந்தப் பூங்குருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். நீளம் 20 சென்ரிமீற்றர் அளவு. ஆண் கறுத்த பழுப்பு. தலையிலும் மார்பிலும் நீலப் பளபளப்பு, தோளில் பளிச்சென்ற நீலத் திட்டு. பெண் பழுப்பு, அதற்கும் தோளில் சிறு நீலம் உண்டு. பூச்சிகளோடு பல்லிகளையும் தவளைகளையும் பிடித்துத் தின்னும். பாசி படிந்த பாறைகளுக்கு நடுவே வேகமாக ஓடும் ஓடையும் அதன் மேல் கவிந்த நிழலும் இருந்தால்தான் தங்கும். நண்பகலில் அதைத் தேடுவது வீண். விடியலின் மங்கலிலும் அந்தியிலும்தான் வெளியே வரும். உயரத்தால் குறுகி, ஓடையால் குறுகி, நேரத்தாலும் குறுகிய பறவை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறது.

மலையகத்தில் கோப்பித் துரையாக இருந்த சாமுவேல் பிளை என்பவரின் பெயரை இதன் அறிவியற் பெயர் தாங்கி நிற்கிறது. 1872இல் ஹோல்ட்ஸ்வொர்த் என்பவர் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். அதன் பிறகு இலங்கையில் முற்றிலும் புதிய ஒரு பறவையினம் விவரிக்கப்பட 132 ஆண்டுகள் ஆயின. அந்த அடுத்த கதையும் மலையகத்தின் வாசற்படியில்தான் தொடங்குகிறது. அட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்கு இறங்கும் வீதியில், மலை முடிந்து தாழ்நில மழைக்காடு தொடங்கும் இடம் கித்துல்கல. அங்கே 1995இல் பறவையியலாளர் தீபால் வரகாகொட இருட்டில் ஒரு குரலைக் கேட்டார். இலங்கைப் பறவைக் குரல்களை நன்கறிந்த அவருக்கு அது எந்தப் பறவையோடும் பொருந்தவில்லை. குரலின் சொந்தக்காரரைக் கண்ணால் காண அவருக்கு 2001 வரை ஆயிற்று. காட்சி கிடைத்தது சிங்கராஜாவில். செம்பழுப்பு நிறத்தில், காதுக்குஞ்சம் இல்லாத ஒரு குட்டி ஆந்தை. 2004இல் அவரும் பமேலா ராஸ்முசெனும் அதை விவரித்து, சிங்கராஜாக் காட்டை மரவெட்டிலிருந்து காக்கப் போராடிய திலோ ஹொஃப்மனின் பெயரைச் சூட்டினார்கள். வாகனங்கள் ஓயாத ஒரு வீதிக்குப் பக்கத்துக் காட்டில் அறிவியலுக்குத் தெரியாத ஆந்தை ஒன்று இருந்திருக்கிறது. பறவை பார்த்தல் என்பதில் பாதி காதால் நடப்பது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி நுவரெலியா நகருக்குத் திரும்புவோம். பஸ் நிலையத்துக்கு அருகே, சித்திரை வசந்தகாலக் கொண்டாட்டத்தில் ஆட்கள் நெருக்கியடிக்கும் விக்டோரியா பூங்கா. விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை ஒட்டி 1897இல் இந்தப் பெயர் பெற்றது. குடும்பங்கள் படம் எடுக்கும் பூச்செடிகளை விட்டுவிட்டு, பறவை பார்ப்பவர்கள் பூங்காவின் ஓரத்தில், நகரின் கழிவுநீர் கலக்கும் ஓடைப்பக்கம் போய் நிற்பார்கள். அந்த அழுக்கில் பூச்சிகள் நிறைய. ஐப்பசி முதல் பங்குனி வரை அங்கே இமயமலைப் பக்கத்து விருந்தாளிகள் தங்குகிறார்கள்: கறுப்பு வெள்ளைப் பூங்குருவி, இந்திய நீல ராபின், தமிழ்நாட்டில் ஆறுமணிக் குருவி என்று அழைக்கப்படும் பலவண்ணக்காரர். எல்லாரிலும் முக்கியமானவர் காஷ்மீர் ஈப்பிடிப்பான். 13 சென்ரிமீற்றர் பறவை. ஆணின் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள். அதன் இருபுறமும் கரை போட்டது போலக் கறுப்பு. தாழ்ந்த கிளையில் அமர்ந்து, வாலை வெடுக்கென உயர்த்தி, தரைக்குப் பாய்ந்து பூச்சியை எடுத்துக்கொண்டு மீண்டும் கிளைக்கு வரும்.

இது கூடு கட்டுவது காஷ்மீரத்து மலைகளிலும் பீர் பஞ்சால் தொடரிலும். குளிர்காலத்தைக் கழிப்பது முக்கியமாக இலங்கை மலையகத்தில். நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வேறு சில இடங்களிலும் சில தங்கும். இரண்டு முனைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 27 பாகை அகலக்கோடு, அதாவது 3,000 கிலோமீற்றர். வரைபடத்தில் இரண்டு சிறு திட்டுகள், நடுவே வெற்றிடம். ஒரு முனையில் காடு குறைந்தால் மறுமுனையில் எவ்வளவு பாதுகாத்தாலும் எண்ணிக்கை விழும். உலகில் இருக்கும் வளர்ந்த பறவைகள் பத்தாயிரத்துக்கும் குறைவு என்று பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃப் கணிக்கிறது.

இந்தப் பறவை குளிர்காலத்தில் காட்டுக்குள் மட்டும் ஒளிந்து வாழ்வதில்லை. 750 மீற்றருக்கு மேலுள்ள காட்டு விளிம்புகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் தேயிலை மலைகளிலும் இருக்கிறது. தலவாக்கலை, லிந்துலை, கந்தப்பளைப் பக்கம் கொழுந்து எடுக்கும் ஒரு பெண் தன் நிரையில் நகரும்போது, மூன்றடி தூரத்துச் சவுக்கு மரக் கிளையில் அமர்ந்திருப்பது காஷ்மீரிலிருந்து வந்த குருவியாக இருக்கலாம். பறவை பார்க்க வருகிறவர்கள் தேயிலையைக் கடந்துதான் காட்டுக்குப் போகிறார்கள். ஜீப்பின் கண்ணாடிக்கு வெளியே ஓடும் பச்சையை யாரும் நின்று பார்ப்பதில்லை. அது வருத்தமானது.

தேயிலைக்கு முன் இங்கே என்ன இருந்தது? காடு. அதைத் தங்கள் கைகளால் வெட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்ட எங்கள் பாட்டன் பூட்டன்கள். 1820களில் கோப்பியோடு தொடங்கிய அந்த வேலையில் மன்னாரிலிருந்து மாத்தளை வரையான நடைப்பாதையிலும் தோட்டங்களிலும் இறந்தவர்கள் ஏராளம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் தோன்றியது. சில ஆண்டுகளில் கோப்பி விழுந்து, அதன் இடத்தைத் தேயிலை எடுத்துக்கொண்டது. மலைச்சரிவுகள் அடியோடு மொட்டையான காலம் அது.

அந்தக் காலத்தில்தான், 1873இல், கியூ தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாமல் விடுங்கள் என்று பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை சொன்னார். நீரைப் பற்றிய கவலை அது: மேட்டுக்காடு போனால் ஆறுகள் போகும். காரணம் சரியானது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் ஹோர்ட்டன் சமவெளியில் ஊற்றுக்கண் உண்டு. மழை இல்லாத நாளிலும் மேகக்காட்டின் பாசியும் இலையும் மஞ்சிலிருந்து நீரைப் பிடித்துச் சொட்டவிட்டு ஓடைகளை ஊட்டுகின்றன. ஐயாயிரம் அடி என்றால் 1,524 மீற்றர். நுவரெலியாவைச் சுற்றியுள்ள தேயிலையே அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. ஆக, கோடு முழுதாகக் காக்கப்படவில்லை. இருந்தாலும், இன்று மலை முகடுகளில் எஞ்சியிருக்கும் காட்டுக்கு அந்தத் தடையும் ஒரு காரணம். பூங்குருவியையோ கொண்டைக்குருவியையோ நினைத்து யாரும் அந்தக் கோட்டைப் போடவில்லை. நீருக்காகப் போட்டார்கள், பறவைகளும் பிழைத்துக்கொண்டன. ஹோர்ட்டன் சமவெளி 1969இல் சரணாலயமாகி, 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. அதையும் சிவனொளிபாத மலைக் காட்டையும் நக்கிள்ஸையும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. நுவரெலியா நகரின் ஓரத்திலேயே கல்வேஸ் லாண்ட் என்ற துண்டுக்காடு இருக்கிறது. 1938 முதல் சரணாலயம், 2006 முதல் தேசியப் பூங்கா.

காட்டுக்கு நடுவே வீதி போட்டால் பார்வையாளர் மட்டும் வருவதில்லை. அவர் வீசும் சோற்றுப் பொதியின் பின்னால் காக்கையும் வருகிறது. ஹோர்ட்டன் சமவெளியில் பெருகிய காக்கைகள் இலங்கை மலைகளில் மட்டும் காணப்படும் கொம்புப் பல்லி போன்ற உயிர்களைக் கொத்தித் தின்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பூங்காவுக்குள் போகுமுன் பைகளைத் திறந்து பொலித்தீனை வாங்கி வைத்துக்கொள்வது சிலருக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு அது மிகவும் சரியான செயல். பறவை பார்ப்பவர்களும் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். கைபேசியில் பூங்குருவியின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே இழுப்பது இன்று எளிது. தன் எல்லைக்குள் அந்நியன் நுழைந்துவிட்டான் என்று நம்பி, இரை தேட வேண்டிய அந்தச் சில நிமிட மங்கலை அது சண்டைக்குச் செலவழிக்கிறது. ஒரே குட்டையில், காலை தவறாமல், ஒரு குழுவுக்குப் பின் இன்னொரு குழு இதைச் செய்தால் அந்த இடத்தையே பறவை கைவிடக்கூடும். பேசாமல் நில்லுங்கள். வராத நாளில் வரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் தரவுதான்.

வீதியால் வரும் கேட்டைக் கட்டுப்படுத்தலாம். வெப்பம் வேறு மாதிரி. 1,000 மீற்றருக்கு 6.5 பாகை என்ற கணக்கைத் திருப்பிப் போட்டால், ஒரு பாகை சூடு கூடும்போது அதே குளிரைத் தேடி ஓர் உயிர் ஏறத்தாழ 150 மீற்றர் மேலே போக வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியின் தளம் 2,100 முதல் 2,300 மீற்றர். அதற்கு மேல் தொட்டுப்பொல மலை 2,357, கிரிகல்பொத்த 2,389. நாட்டின் உச்சியான பீதுறுதாலகாலையே 2,524 தான். மலை மேலே போகப் போகக் கூம்பிக்கொண்டே போவதால், ஒவ்வொரு படி ஏறும்போதும் வாழிடத்தின் பரப்பு மேலும் மேலும் சுருங்கும். அடர்ந்த அடிப்பற்றையில் ஒளிந்து திரியும் இலங்கைப் புதர்க் கதிர்குருவிக்கு, தன் பேரினத்தில் உலகிலேயே ஒரே இனமாக இருக்கும் அதற்கு, ஏறிப் போக இன்னும் இரண்டு படிகூட இல்லை.

மேலே இடம் இல்லாதபோது பக்கவாட்டில் இடம் கொடுப்பது முக்கியமாகிறது. அங்கேதான் தோட்டங்கள் வருகின்றன. தேயிலை மலைகளுக்கு நடுவே ஓடைகள் ஓடும் பள்ளங்களில் இன்னும் மரப்பன்னமும் காட்டுமரமும் விட்டு வைத்திருக்கிறார்கள். அட்டன், பொகவந்தலாவை, டயகமப் பக்கங்களில் முகட்டுக் காட்டையும் கீழ்ப்பள்ளத்தையும் இணைப்பது அந்த ஒல்லியான பச்சைக் கோடுகள்தான். மரக்கறிப் பாத்திக்காக அவற்றைக் கரைவரை வெட்டினால், களைகொல்லி நேரே நீரில் இறங்கினால், நிழலும் பூச்சியும் போகும். நிழல் போன ஓடையில் பூங்குருவிக்கு வேலை இல்லை. இருபுறமும் சில மீற்றர் அகலத்துக்கு மரங்களை விட்டுவைப்பது ஒரு தோட்டத்துக்குப் பெரிய இழப்பாகாது. மண்ணரிப்பு குறைவதும் லயத்துக் குடிநீர் தெளிவதும் தோட்டத்துக்கே ஆதாயம்.

இந்த ஓடைகளை ஆண்டு முழுதும் பார்க்கிறவர்கள் அங்கே வாழ்கிறவர்கள். 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட இலங்கைக் கள பறவையியல் குழு பல பத்தாண்டுகளாகப் பறவைக் குறிப்புகளைத் திரட்டி வருகிறது. கைபேசி இருப்பவர் இன்று 'இ-பேர்ட்' செயலியில் தன் குறிப்பை நேரடியாகப் பதியலாம். ஐப்பசியில் முதல் காஷ்மீர் ஈப்பிடிப்பான் எந்தத் தேதியில் வந்து இறங்குகிறது, பங்குனியில் கடைசியாக எப்போது தெரிகிறது, பூங்குருவியின் சீழ்க்கை எந்த டிவிசன் ஓடை வரைக்கும் கீழே கேட்கிறது என்பதை வாரக்கடைசியில் வந்துபோகும் பயணியால் சொல்ல முடியாது. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் போகும் வழியில் தினமும் அந்த ஓடையைத் தாண்டுகிறவரால் முடியும். தேவைப்படுவது ஒரு கொப்பி, ஒரு பேனை, பறவைகளின் படம் போட்ட ஒரு தமிழ்க் கையேடு. தேதி, நேரம், மலையின் இலக்கம், எந்த மரம், எத்தனை பறவை என்ற ஐந்தையும் எழுதினால் போதும். தோட்டப் பாடசாலைகள் ஒவ்வொன்றிலும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இதை எடுத்துக்கொண்டால், பத்து ஆண்டுகளில் மலையகத்தின் குளிர்காலப் பறவைகளைப் பற்றி உலகில் வேறு யாரிடமும் இல்லாத பதிவேடு நம் பிள்ளைகளின் கையெழுத்தில் இருக்கும்.